கஜன் மாமா கொண்டுவந்த பனி

கேசினிக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்த டிசம்பர் மாதத்தில், அவளுடைய மாமா கஜரூபன் ருமேனியாவிலிருந்து வீடியோ அழைப்பில் வந்து, கையில் ஒரு பிடி பனியை அள்ளிக் காட்டினான். அவனுக்குப் பின்னால் தெரிந்த கார்கள், மரங்கள், குப்பைத்தொட்டி எல்லாம் வெள்ளையாக இருந்தன. அவனுடைய மூக்கு மட்டும் சிவப்பாக இருந்தது.

இலங்கையில் பசறைக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவிலிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில், மூன்று பேர் ஒரே கைபேசிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேசினி நடுவில் இருந்தாள். ஒரு பக்கம் அவளுடைய அப்பா புவனேந்திரன். பசறை டவுனில் த்ரீவீலர் ஓட்டுகிறவர். மறுபக்கம் அம்மா விஜயலெட்சுமி. கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவளுடைய வேலை. கஜரூபன் அவளுடைய ஒரே தம்பி. கட்டட வேலைக்கென்று கடல் கடந்து போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"மாமா, அது என்னா?" என்று கேட்டாள் கேசினி.

"பனி."

கேசினி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே எதிர் லயம் தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்தது.

"இங்கயும் பனி இருக்குதானே. இத எப்புடிக் கையில அள்ளுறது?"

"அது வேற பனி பாப்பா, இது வேற பனி. இது பஞ்சு மாதிரி. அள்ளலாம், உருட்டலாம், எடுத்து எறியலாம்."

"அப்ப இதுக்குப் பேரு என்னா?"

"பனிதான்."

இரண்டுக்கும் ஒரே பேரை வைத்தது யார் என்று கேசினி கேட்டாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் எதுவும் இல்லை.

"நான் பெப்ரவரியில லீவுல வர்றப்ப ஒனக்குக் கொண்டாறேன்," என்றான் கஜரூபன்.

"உருகிறாதா?"

"ஃப்ளைட்டு மேல போறப்ப ரொம்பக் குளிரு. உருகாது."

"எவ்வளவு கொண்டாருவீங்க?"

"ரெண்டு கிலோ."

குழந்தை சிரிக்கட்டும் என்றுதான் அவன் சொன்னான். கேசினி சிரிக்கவில்லை. இரண்டு கிலோவை எத்தனை பேருக்குப் பிரிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து, மாமா வரும்வரை காத்திராமல் உள்ளூரிலேயே பனி செய்ய முடியுமா என்று பார்க்க ஆரம்பித்தாள். சாயங்காலம் ஒரு டம்ளரில் தண்ணீர் நிரப்பி, வெளியே எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வைப்பாள். காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஓடிப்போய்ப் பார்ப்பாள். முதல் நாள் தண்ணீருக்குள் ஒரு கரப்பான் பூச்சி கிடந்தது. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுச் சேவல் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் டம்ளரே இல்லை. நான்காம் நாள் அவளுக்குச் சளி பிடித்துக்கொண்டது.

"இந்தக் குளிருல புள்ள வெளிய ஓடுறா. ஒங்க மச்சான் பண்ணுன வேல இது," என்றாள் விஜயலெட்சுமி.

"எனக்கு மச்சான், ஒனக்குத் தம்பி," என்றார் புவனேந்திரன்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு, நுவரெலியாவில் புல்வெளிகளில் உறைபனி படிந்திருப்பதாகச் செய்தியில் காட்டினார்கள். கேசினி டிவிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் திரையைத் தொட்டுக்கொண்டு, "இது கிட்டதானே அப்பா?" என்றாள். கிட்டதான் என்று சொல்லிவிட்டுப் புவனேந்திரன் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்காக வருந்தினார்.

அன்று விடிவதற்கு வெகு முன்பே புறப்பட்டார்கள். த்ரீவீலரின் இரண்டு பக்கமும் ரப்பர் விரிப்பைக் கட்டி, அதற்கு உள்ளே போர்வையைக் கட்டி, அதற்கு உள்ளே அம்மாவும் மகளும் தொப்பி, ஸ்வெட்டர், துவாய் சகிதம் உட்கார்ந்திருந்தார்கள். அள்ளிக்கொண்டு வருவதற்காகக் கேசினி ஒரு மூடி போட்ட வாளியையும் ஏற்றியிருந்தாள். பதுளையைத் தாண்டியதும் அவளுக்கு ஒண்ணுக்கு வந்தது. ஹாலிஎலவிலும் வந்தது. வெலிமடை வளைவுகளில் வாந்தி வந்தது. அதற்கு அந்த வாளி உதவியது. வாளியைக் கழுவத் தண்ணீர் தேடியதில் அரை மணி நேரம் போயிற்று. அதன் பிறகு த்ரீவீலர் ஒரு ஏற்றத்தில் நின்றுவிட, விஜயலெட்சுமி இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. அவள் தள்ளினாள். வண்டி கிளம்பியது. புவனேந்திரன் சந்தோஷத்தில் அவளை விட்டுவிட்டு அடுத்த வளைவு வரை போய்விட்டார்.

"அப்பா, அம்மா இல்ல," என்று கேசினி சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

நுவரெலியாவில் குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பக்கத்தில் அவர்கள் போய் இறங்கியபோது எட்டு மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. புல் நனைந்திருந்தது. ஓர் ஆள் வேலி ஓரமாகக் குதிரையை நடத்திக்கொண்டு போனார்.

"அண்ணே, பனி?" என்று கேட்டார் புவனேந்திரன்.

"அது ஏழு மணிக்கே போயிருச்சுங்களே."

கேசினி புல்லில் உட்கார்ந்து ஒவ்வொரு புல்லாகப் புரட்டிப் பார்த்தாள். ஒரு செடியின் நிழலில் மிளகளவு வெள்ளையாக ஏதோ இருந்தது. "அம்மா, இங்க," என்று அவள் விரலை வைத்தாள். அது தண்ணீரானது. அந்த விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று விஜயலெட்சுமிக்குத் தோன்றியது.

திரும்பும்போது வாளியில் லீக்ஸும் கரட்டும் இருந்தன.

"பரவாயில்ல அப்பா," என்றாள் கேசினி, வெலிமடை வந்ததும். "கஜன் மாமா கொண்டாருவாருதானே."

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அவள் இதைப் பகிரங்கமாக அறிவித்தாள். அந்தச் சின்னத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பற்றாக்குறை. ஆகவே பள்ளிக்கூடத்தின் தலைவரான அதிபர் ஸ்ரீஸ்கந்தராஜாவே முதலாம் வகுப்புக்கும் பாடம் எடுத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கனடாவில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தவர். அந்தத் தோட்டத்தில் பனியை நேரில் பார்த்த ஒரே ஆள் அவர்தான். கேசினி வகுப்பு முழுவதையும், முப்பத்திரண்டு பிள்ளைகளையும், மாமா வரும் நாளில் ஆளுக்கொரு டம்ளரோடு வரச் சொன்னாள். அதிபரையும் சாட்சிக்கு அழைத்தாள்.

"நான் ரொறன்ரோவிலை பனியை நல்லாக் கண்டனான்," என்றார் அவர் உண்மையாகவே ஆர்வத்தோடு. "கட்டாயம் வாறன் பிள்ளை."

பெப்ரவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கஜரூபன் கொழும்பு பஸ்ஸிலிருந்து பதுளையில் இறங்கினான். இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு தோள் பை. புவனேந்திரன் பெட்டிகளை வாங்கி வைத்துவிட்டு முதலில் கேட்டது, "பனி எங்க?" என்பதைத்தான்.

"என்னா பனி மச்சான்?"

புவனேந்திரன் விளக்கினார். கஜரூபன் முதலில் சிரித்தான். பிறகு மச்சானின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"அது வெளையாட்டுக்குச் சொன்னதுங்க மச்சான்."

"ஒனக்கு வெளையாட்டு. மத்தியானம் ரெண்டு மணிக்கு முப்பத்திரண்டு புள்ளைங்க டம்ளரோட வருதுங்க. ஸ்கூல் பெரிய சேரும் வர்றாரு. நீயே சொல்லு அவகிட்ட."

"நீங்க சொல்லுங்க. நீங்கதானே அப்பா."

"நீதானே கொண்டாறேன்னு சொன்ன."

பஸ் ஸ்டாண்ட் வாசலில் பத்து நிமிஷம் இப்படியே போயிற்று. கடைசியில் ஒருவரும் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. கஜரூபன்தான் யோசனை சொன்னான். ஐஸ்கிரீம் வைக்கும் குளிர்ப்பெட்டியின் சுவரில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, பார்ப்பதற்கு அது அசல் பனி மாதிரியே இருக்கும்.

பதுளையில் ஒரு சில்லறைக் கடையில் ஜிப்னா என்ற இளம்பெண் நின்றிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் ஆச்சரியப்படவில்லை. "சுரண்டிக்கிட்டுப் போங்க. நானே சுத்தம் பண்ணணும்னு ஒரு மாசமா நெனச்சிக்கிட்டிருக்கேன்," என்று சொல்லி கோடு போடும் பிளாஸ்டிக் அடிமட்டம் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தாள். ருமேனியாவில் பத்து மாடிக் கட்டடம் கட்டியவன், தலையைக் குளிர்ப்பெட்டிக்குள் விட்டுச் சுரண்டினான். ஒரு சொப்பிங் பை பாதி நிறைந்தது. வெள்ளை வெளேரென்று, பார்க்க அழகாகவே இருந்தது. இருவரும் வெற்றியோடு புறப்பட்டார்கள். பசறை ரோட்டில் மூன்றாவது வளைவு தாண்டியபோது கஜரூபனின் மடி நனைந்தது. பசறையை அடைந்தபோது பையில் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு ஐஸ்கிரீம் குச்சியும் இருந்தன.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த ஒரே வழி மீன்கடை.

மீன்காரர் சின்னராசா ஒரு பெரிய ஐஸ் பாளத்தையும், குளிர் போகாமல் மீன் வைக்கும், எடையே இல்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றையும் கொடுத்தார். பெட்டியைக் கழுவித்தான் கொடுத்தார். ஆனால் அது நாலு வருஷமாக மீன்பெட்டியாக இருந்தது.

பிள்ளைக் காம்பராவிலிருந்து விஜயலெட்சுமியை அவசரமாக அழைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்துத் தம்பியைப் பார்க்கிறவள், அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் முகர்ந்து பார்த்தாள்.

"ஏன்டா இப்புடி நாறுற?"

சொன்னார்கள். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு லயத்துப் படியில் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்து உள்ளே போய், மேசை விளிம்பில் பூட்டிக் கைபிடியைச் சுற்றும் தேங்காய் துருவியைக் கொண்டுவந்தாள்.

"ஒடச்சா கல்லு மாதிரி இருக்கும். இதுல துருவுங்க."

கோழிக்கூட்டுக்குப் பின்னால் மேசையைப் போட்டு மூன்று பேரும் ஐஸ் துருவினார்கள். ஒருவர் சுற்ற, ஒருவர் ஐஸ் துண்டைப் பிடிக்க, ஒருவர் கீழே விழுவதைப் பெட்டிக்குள் தள்ள. இரண்டு நிமிஷத்துக்கு மேல் யாராலும் பிடிக்க முடியவில்லை. கஜரூபனின் விரல்கள் செக்கச்செவேலென்று ஆகிவிட்டன.

"அங்க கையுறை தருவாங்கக்கா," என்றான்.

"இங்க அக்காதான் இருக்கேன். பேசாம புடி."

பெட்டி நிறைந்தது. துருவிய தேங்காய்ப்பூவைப் போலவே இருந்தது. கடைசியில் புவனேந்திரனுக்கு ஒன்று தோன்றியது. கஜரூபனின் பெட்டியில் விமானக் கம்பனி ஒட்டியிருந்த நீளமான சீட்டைக் கவனமாக உரித்து, ரெஜிபோம் பெட்டியின் மேல் ஒட்டினார். மூன்று பேரும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்கள். நம்பலாம் போலத்தான் இருந்தது.

இரண்டு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். டம்ளர் மட்டுமல்லாமல் சட்டி, ஜொக்கு, ஒருத்தி தண்ணீர்ப் போத்தல் கூடக் கொண்டுவந்திருந்தாள். கேசினி முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் அதிபர், வெள்ளைச் சட்டையும் குடையுமாக. இவர்களுக்கும் முன்பாகவே லயத்துப் பூனைகள் ஏழும் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன.

கேசினி மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளைத் தூக்கிச் சுற்றினான். இறங்கியதும் அவள் பெட்டியிடம் போனாள். கஜரூபன் மூடியைத் திறந்தான்.

கூட்டம் "ஆ" என்றது. பூனைகள் எழுந்து நின்றன.

கேசினி குனிந்து பார்த்தாள். வெள்ளைக் குவியலில் கைவைத்து, கொஞ்சம் அள்ளி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். அந்த இடத்தில் சின்னதாக, வட்டமாக, வெள்ளி நிறத்தில் ஏதோ பளபளத்தது. அதை நகத்தால் எடுத்துப் பார்த்தாள். பிறகு மாமாவின் கைகளைப் பார்த்தாள். அப்பாவின் கைகளைப் பார்த்தாள். அம்மா தன் கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். கேசினி அந்தப் பளபளப்பான பொருளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சேர் பாத்து சொல்லட்டும்," என்றான் பிள்ளைகளில் ஒருவன்.

அதிபர் முன்னால் வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு சிட்டிகை எடுத்தார். அவருடைய மூக்கு இரண்டு தரம் சுருங்கியது. புவனேந்திரன் வானத்தைப் பார்த்தார்.

"இது..." என்று தொடங்கினார் அதிபர்.

"சேர், கொஞ்சம் குனிங்க," என்றாள் கேசினி.

அவர் குனிந்தார். அவள் அவருடைய காதுக்குள் பேசினாள். "இது பனி இல்ல சேர். மீன்கட ஐஸ். செதிலு கெடந்துச்சு. மாமாகிட்ட சொல்லிறாதீங்க. பாவம், கையெல்லாம் செவந்து போயிருக்கு. அப்பாவுக்கும் அப்புடித்தான்."

அதிபர் நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் குடையின் கைபிடியைத் தடவிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று படிப்பித்தவர்.

"நான் ரொறன்ரோவிலை கண்டது வெள்ளை," என்றார். "இதுவும் வெள்ளை. அதுவும் குளிர், இதுவும் குளிர்."

"மீன் நாத்தம் அடிக்குதே சேர்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு மணம் இருக்கும், பிள்ளை."

 "ஒருத்தரும் வாயில வைக்கக் கூடாது," என்று விஜயலெட்சுமி ஒரு சத்தம் போட்டாள். டம்ளர்கள் நிறைந்தன. கஜரூபன் ஒரு பிடி அள்ளி உருட்டி, இப்படித்தான் அங்கே எறிந்து விளையாடுவார்கள் என்று காட்டினான். அவன் எறிந்த உருண்டை, போவதற்காகத் திரும்பிய அதிபரின் வெள்ளைச் சட்டை முதுகில் பட்டு உடைந்தது.

எல்லாரும் அப்படியே நின்றார்கள். அதிபர் மெதுவாகத் திரும்பினார். குடையைச் சுவரோரம் சாத்திவைத்தார். கைப்பட்டனை அவிழ்த்துச் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பெட்டிக்குள் கைவிட்டார். அவருடைய குறி நன்றாக இருந்தது. கஜரூபனுக்கு நெற்றியில் பட்டது.

அரை மணி நேரத்தில் பெட்டி காலியாகிவிட்டது. எல்லார் தலையிலும் மீன் வாசம் அடித்தது. பிள்ளைகள் வீடுகளுக்குப் போனார்கள். ஏழு பேர் பின்னால் ஆளுக்கொரு பூனை போனது. அன்று மாலை அந்த லயத்தில் வெந்நீர் போடாத வீடு இல்லை. அந்த வாரம் முழுக்க விஜயலெட்சுமி அரைத்த தேங்காய்ச் சம்பலில் ஒரு சந்தேக வாசம் இருந்தது. துருவியை இரண்டு தரம் புளி போட்டுத் தேய்த்தாள், ஒரு தரம் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கடைசியில் அதைத் தம்பியின் கையில் கொடுத்து, பசறைக்குப் போய்ப் புதுசு ஒன்று வாங்கிவரச் சொன்னாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், குளித்துத் தலை துவட்டிய கேசினி மாமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கஜரூபனுக்கு மனசு உறுத்தியது.

"பாப்பா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பனி..."

"மீன்கட ஐஸ்," என்றாள் கேசினி. "தெரியும் மாமா."

"கோவமா?"

அவள் யோசித்தாள். "இல்ல. ஆனா இனிமே ரெண்டு கிலோன்னு சொல்லாதீங்க. நான் முப்பத்திரண்டு பேருக்குப் பிரிச்சு வச்சிருந்தேன்."

"சரி. சொல்ல மாட்டேன்."

"அங்க பனி பெய்றப்ப நீங்க யாரோட எறிஞ்சு வெளையாடுவீங்க?"

 அங்கே கஜரூபன் யாரோடும் எறிந்து விளையாடியது கிடையாது. காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போவான். இருட்டிய பிறகு அறைக்கு வருவான். அன்று வீடியோவில் அள்ளிக் காட்டியதுதான் அவன் பனியைக் கையில் எடுத்த முதல் தடவை.

"யாரோடயும் இல்ல," என்றான். "மொத நாள் பனியில காலு வச்சேன். படிக்கிட்ட வழுக்கி விழுந்துட்டேன். மல்லாந்து. கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். பாத்துச் சிரிக்கக்கூட அங்க ஒரு ஆளு இல்ல."

கேசினி அவனை உற்றுப் பார்த்தாள். அவளுடைய வாய் மெல்லக் கோணியது.

"எப்புடி விழுந்தீங்க?"

"அப்புடியே."

"செஞ்சு காட்டுங்க."

கஜரூபன் எழுந்தான். அறை நடுவில் நின்று, காலை வழுக்கவிட்டு, கைகளை வீசி, தரையில் மல்லாந்து விழுந்தான். கேசினி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அடுப்படியிலிருந்து விஜயலெட்சுமி எட்டிப் பார்த்தாள். "அம்மாவுக்கும் காட்டுங்க," என்றாள் கேசினி. அவன் மறுபடியும் விழுந்தான். புவனேந்திரன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அவருக்காகவும் ஒரு தரம் விழுந்தான்.

அடுத்த நாள் சனிக்கிழமை. வெயில் வந்திருந்தது. லயத்து வாசலில் ஒரு சாக்கை விரித்துவைத்து, கேசினி பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்திருந்தாள். நேற்று வரமுடியாமல் போனவர்களும் வந்திருந்தார்கள். கஜரூபன் பல்கூட விளக்காமல் வெளியே வந்தான்.

"மாமா," என்றாள் அவள். "சாப்பாட்டுப் பெட்டியோட விழுங்க."